ராஜா வீட்டுச் சத்தம்

ஐந்து பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தினமும் சேர்ந்து விளையாடினால், ஒவ்வொருவர் வீட்டுச் சமையலும் சீக்கிரமே மற்ற நால்வருக்கும் மனப்பாடமாகிவிடும். பரவையில் அழகுராஜா வீட்டுக் குக்கர் எத்தனை விசிலோடு இறங்கும் என்பதை ஆனையூரில் உட்கார்ந்துகொண்டே நான் சொல்வேன். நல்லகாமன் வீட்டு மிக்சி வேறு, சுபலட்சுமி வீட்டு மிக்சி வேறு. வேடிக்கை என்னவென்றால், அந்தந்த வீட்டில் இருப்பவருக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்காது. காதை ஹெட்போன் அடைத்திருக்கிறது. வாய்க்கு நேரே மைக் திறந்திருக்கிறது. வீட்டுச் சத்தம் மைக் வழியாக எங்களுக்கு வந்துவிடும், அவருக்குப் போகாது. பவதாரிணி அக்கா, நீங்கள் இந்த விளையாட்டை ஆடியதில்லை என்பதால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இது புரிந்தால்தான் நீங்கள் கேட்டதற்கு நான் சொல்லும் பதிலும் புரியும்.

உங்கள் தம்பி ராஜபாண்டி, எங்களுக்கு ராஜா, எங்கள் அணியில் முன்னால் நின்று அடி வாங்குகிறவன். அவன் நின்றால்தான் பின்னால் இருக்கும் நாங்கள் அடிக்க முடியும். நான் கேப்டன். நாங்கள் பேசிக்கொள்ளும் குரல் அறையைத் திறந்ததும் நான்தான். அதனால் யாருடைய மைக்கையும் எல்லோருக்குமாகச் சேர்த்து அமத்தவும் திறக்கவும் என்னால் முடியும். அவனியாபுரத்தில் உங்கள் வீட்டுக்கு மேலேதானே விமானம் தாழ்ந்து போகிறது. அந்த இரைச்சல் வந்ததும், "ராஜா, பிளேன்" என்று சொல்லி அவன் மைக்கை அமத்துவேன். போனதும் திறப்பேன். அவனுக்கும் அது பழகிவிட்டது.

உங்கள் அம்மாவுக்கும் எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. இளைப்பு வந்தால் முருகம்மாள் அம்மாவுக்குக் குரல் எழும்பாது. மருந்தை ஊற்றி மெஷினை மாட்டிவிட ஓர் ஆள் வேண்டும். அதனால் எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டுவார். மூன்று தட்டு, அப்புறம் கொஞ்சம் பொறுப்பார், மறுபடியும் மூன்று. உள்ளறையில் ஹெட்போனோடு இருக்கும் ராஜாவுக்கு அது கேட்காது. எங்களுக்குக் கேட்கும். கேட்டதும் யாராவது ஒருவர், "ராஜா, அம்மா" என்போம். அவன் எழுந்து போவான்.

"ஒரு பக்கமாச்சும் காதத் தெறந்து வைடா" என்று ஒருநாள் சுபலட்சுமி அவனைத் திட்டினாள்.

"நீங்க நாலு பேரு இருக்கீகள்ல. எட்டுக் காது. எனக்கு எதுக்குத் தனியா?" என்றான்.

இனி ஏணியைப் பற்றி, அதாவது இந்த விளையாட்டின் தரவரிசையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதை வைத்துத்தான் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று முடிவாகும். நீங்கள் யார், எந்தத் தெரு, எந்த ஆள், என்ன படித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. இதுவரை ஆடிய ஆட்டங்களை மட்டும் பார்க்கிறது. அதிலிருந்து, அடுத்த ஆட்டத்தில் நீங்கள் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கிறது. கணித்தபடியே ஜெயித்தால் மதிப்பெண் கொஞ்சம் ஏறும், கணிப்பை மீறி ஜெயித்தால் நிறைய ஏறும். தோற்றாலும் அதே கணக்குத்தான், தலைகீழாக. இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் வெளியுலகத்தில் பார்த்ததில்லை. யாருக்காவது விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

அதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏணி கடுமையாக இருக்கும். ஆட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து போய்விட்டால் மற்ற நால்வருக்கும் சேர்த்தே இறங்கும். போனவர் கக்கூஸுக்குப் போனாரா, வீடு தீப்பிடித்து ஓடினாரா என்று அதற்குத் தெரியாது. கேட்கவும் கேட்காது. பலர் இதை அநியாயம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். காரணம் கேட்க ஆரம்பித்தால் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும்.

மேலே இருந்து இரண்டாவது படியில் நாங்கள் வெகுநாள் கிடந்தோம். மேல்படிக்கு ஒரே ஒரு வெற்றி பாக்கி என்ற நிலைக்குப் போன சீசனில் ஒருமுறை வந்தோம். பாதி ஆட்டத்தில் தட்டல் கேட்டது. நான்தான், "ராஜா, அம்மா" என்று சொன்னேன். அவன் போனான். நாங்கள் நான்கு பேராக நின்று தோற்றோம். திரும்பி வந்தவனிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"மழை வருதாம் மாப்ள, கொடியில கெடக்குற துணிய எடுக்கச் சொல்லுச்சு."

"மழை வந்துச்சா?" என்றான் நல்லகாமன்.

"எங்கிட்டு? வெயிலு மண்டையப் பொளக்குது."

"உங்கம்மா நம்ம டீமுல ஆறாவது ஆளுடா" என்றான் அழகுராஜா. "என்ன, எதுத்தாப்புல ஆடுறவனுக்குல்ல வெளையாடுது."

எல்லோரும் சிரித்தோம். ராஜாவும்தான் சிரித்தான். எனக்கு அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டலின்போதும், எதற்காகக் கூப்பிட்டார் என்று ராஜாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். தண்ணீர், ஃபேன், போன் அடிக்கிறது, கேஸ்காரர் வந்திருக்கிறார். மூச்சுக்காகத் தட்டியது குறைவு. ஏணி ஆட்களை எடைபோடுகிற மாதிரி நானும் அந்தத் தட்டலுக்கு மனதுக்குள் ஒரு மதிப்பெண் வைத்துக்கொண்டேன். அது மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. இதில் உங்கள் அம்மாமீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. கோபம் இருந்தால் கணிப்பு தப்பும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடியும் ஒரே ஒரு வெற்றி பாக்கி. சாயங்காலம் சீசன் முடிகிறது. முடிந்தால் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு முதலிலிருந்து ஏறச் சொல்வார்கள். சுபலட்சுமிக்கு அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும், அப்புறம் அவளால் ஆட முடியாது. அழகுராஜா கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

ஆட்டம் எங்கள் பக்கம் சாய ஆரம்பித்த நேரத்தில் சத்தம் வந்தது. வழக்கமான மூன்று தட்டு இல்லை. இடைவெளியே இல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, என்னமோ கடகடன்னு கேக்குது" என்றாள் சுபலட்சுமி. அவளுக்கு அது பிடிபடவில்லை.

"பிளேன். ராஜா, மைக்க அமத்துறேன். எதுன்னாலும் டைப் பண்ணு" என்றேன். அமத்தினேன்.

"பிளேன் என்னைக்குடா கடகடன்னு வந்துச்சு?" என்றான் நல்லகாமன்.

"பழைய பிளேனா இருக்கும், போல்ட்டு கழண்டுருக்கும்" என்றான் அழகுராஜா. சிரிப்பு எழுந்தது. பேச்சு ஆட்டத்துக்குத் திரும்பியது.

நீங்கள் நினைப்பது சரி. வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. புதிய தகவல் வந்தால் பழைய மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா, ஏணி அதை எப்போது திருத்துகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஒருநாளும் திருத்தாது. ஆட்டம் முடிந்த பிறகுதான். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்கா, தட்டல் ரொம்ப நேரம் கேட்டது என்று சொன்னதாகச் சொன்னீர்கள். ராஜா வீட்டில்தானே இருக்கிறான் என்று அவர் வரவில்லையாம். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் கேட்டது கொஞ்சம்தான்.

ஜெயித்தோம். ராஜா அன்று ஆடியது மாதிரி முன்னால் நின்று யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. மேல்படியின் சின்னம் ஐந்து பேருக்கும் ஒன்றாக வந்தது. நான் அவன் மைக்கைத் திறந்தேன். சுபலட்சுமி அழுதுகொண்டிருந்தாள், நல்லகாமன் ஏதோ பாடினான். அவனியாபுரத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீரை உங்கள் அம்மாவே எடுத்துக் குடித்திருப்பார், என் கணிப்பு சரிதான் என்று நினைத்தேன்.

"இருங்கடா, அம்மாட்ட சொல்லிட்டு வாரேன்" என்றான் ராஜா.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். மைக் திறந்தே இருந்தது. நாங்கள் நால்வரும் கேட்டோம். முதலில் கூப்பிட்டான். பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து நான் அவன் மைக்கை மறுபடியும் அமத்தினேன். மற்றவர்களால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் உதவி செய்ய அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான்தான். உங்கள் வீட்டு விலாசம் எனக்குத் தெரிந்திருந்தது.

ராஜாவைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா தட்டவே இல்லை, தட்டுவதற்குள் உயிர் போய்விட்டது என்றுதானே எல்லோரிடமும் சொல்கிறான். அவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை. நான் மைக்கை அமத்தி, அவர்கள் பிளேனைப் பற்றிச் சிரித்து முடித்த உடனே, அவன் எனக்கு மட்டும் தனியாக டைப் செய்தான். "அம்மா தட்டுச்சா மாப்ள?" என்று கேட்டிருந்தான். "இல்லடா, நீ முன்னாடி நில்லு" என்று பதில் அனுப்பினேன். அதை அனுப்பியபோது அவன் மைக் அமத்தப்பட்டிருந்தது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்கு நான் சொன்னது உண்மைதான்.

அவனிடம் நீங்கள் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ராஜா இப்போதெல்லாம் வருவதில்லை. புதுச் சீசனில் இரண்டு ஆட்டங்களில் வந்து உட்கார்ந்தான், இரண்டிலும் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். எங்கள் எல்லோருக்கும் இறங்கியது. அப்படிப் போகிறவர்கள்மீது கேப்டன் புகார் கொடுக்கலாம், கொடுத்தால் அவன் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்பதால் இதுவரை நான் கொடுக்கவில்லை.