கிளிக் சத்தத்துக்குப் பிறகு ஊற்றிய பெட்ரோல்

என் பெயர் லோர்னா ஸ்கார், வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் டேரல் ஸ்கார். மொன்டானா மாநிலத்தின் வட எல்லையை ஒட்டி, ஹெல்மர் ஊருக்கு வெளியே எங்கள் கோதுமைப் பண்ணையில் குடியிருந்து வருகிறேன். ஊர் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடும் வேலை செய்கிறேன். எங்கள் காரைத் திருடியதாகவும், கத்தியைக் காட்டி என்னை மிரட்டியதாகவும் வேட் லாமரோ என்பவன் மீது பதிவாகியுள்ள வழக்கில், காவல் அதிகாரியான துணை ஷெரிப் ஓடெகார்ட் முன்பு நான் சொல்வது பின்வருமாறு.

எங்கள் காரில் இலையுதிர் காலத்திலிருந்தே இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் வேகம் குறைத்தால் இருமி நின்றுவிடும். மெக்கானிக் பார்த்துவிட்டு, பம்பு கிளிக் என்று நின்ற பிறகும் நாங்கள் அழுத்தி அழுத்தி நிரப்புவதுதான் காரணம் என்றார். தொட்டியிலிருந்து ஆவி மட்டும் போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய், ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஊறிப்போயிருக்கிறதாம். இதை டேரலிடம் சொன்னதற்கு, "நடுக்காட்டுல பனில மாட்டிக்கிட்டா அந்த மெக்கானிக்கா வந்து ஊத்துவான்? தளும்ப ரொப்புடி" என்றார். இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் ரொப்புகிறோம். வண்டி கிளம்பாமல் போவதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், இன்ஜினை அணைக்காமலே பெட்ரோல் போடுவது.

சம்பவத்தன்று காலை, காது வலியால் இரவெல்லாம் அழுத என் இரண்டு வயது மகள் பிரிட்டாவை டாக்டரிடம் அழைத்துச் செல்லக் கிளம்பினேன். வழியில் நோரீன் அம்மாள் நடத்தும் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பிரிட்டா பின் சீட்டில், பின்னோக்கி மாட்டிய குழந்தை இருக்கையில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்ஜினை அணைக்கவில்லை. பம்பு கிளிக் என்றது. அதற்குப் பிறகும் நான் மூன்று தடவை அழுத்தினேன். டேரலைக் குறை சொல்ல வரவில்லை, அழுத்தியது என் கை.

அதன் பிறகு, பம்பில் கார்டு போடும் கருவி குளிரில் உறைந்துபோயிருந்ததால் பணம் கட்ட உள்ளே போனேன். கடை வாசலில் ஐஸ் பெட்டி அருகே ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். யாருடைய வண்டிக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்தேன். இன்ஜின் ஓடும் காரை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று துணை ஷெரிப் கேட்டார். ஜனவரி மாதம் இந்த ஊரில் வண்டியை அணைத்துவிட்டுக் கடைக்குள் போகிறவர் யார் என்று அவரே சொல்லட்டும்.

கார்டை நீட்டும்போது கண்ணாடி வழியே என் கார் நகர்வதைப் பார்த்தேன். நான் கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். கார் எதிரே இருக்கும் ரயில் பாதைப் பக்கம் திரும்பியது. தண்டவாளத்து மேட்டில் ஏற யாராக இருந்தாலும் வேகம் குறைக்க வேண்டும், குறைத்தால் அந்த வண்டி நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அப்படியே ஆனது. மேட்டில் ஏறி, இரண்டு குலுக்குக் குலுக்கி, தண்டவாளத்தின் மேலேயே நின்றது. அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு சிவப்பு விளக்குகள் மின்னி, மணி அடித்து, தடுப்புக் கட்டை இறங்கியது. தானிய ரயில் ஊதியது. அவன் கதவைத் திறந்து அந்தப் பக்கமாக ஓடினான்.

நான் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன், முழங்கால் பிசகி எழ முடியவில்லை. விழுந்த இடத்திலிருந்தே, "டேய், பின்னாடி கொழந்த இருக்குடா" என்று கத்தினேன். அவன் நின்றான். திரும்பி ரயிலைப் பார்த்தான், காரைப் பார்த்தான். அதன் பிறகு காருக்கு ஓடி வந்து பின் கதவைத் திறந்தான். குளிருக்காகக் குழந்தைக்குப் போட்டிருந்த தடித்த உடுப்புக்குள் இருக்கை வாரின் பக்கிள் புதைந்துபோய், அழுத்தினால் கழலவில்லை. பிரிட்டா விழித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு நான் தவழ்ந்துதான் போனேன், பாதி தூரம்கூடப் போகவில்லை. அவன் பையிலிருந்து கத்தியை எடுத்து வாரை அறுத்தான். ஒரு வார் அறுந்தது, அடுத்ததை அறுத்தான், குழந்தையை உடுப்போடு சேர்த்து இழுத்து எடுத்துக்கொண்டு என் பக்கமாக ஓடி வந்தான். அவன் என்னிடம் வந்து சேருவதற்கு முன்பே ரயில் காரை அடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

குழந்தையை என் மடியில் போட்டான். "சத்தியமா பாக்கலீங்க. உள்ள பாப்பா இருக்குன்னு தெரிஞ்சா தொட்டே இருக்க மாட்டேன்" என்றான். நான் அவனை வாயில் வந்தபடி திட்டினேன், கையில் கிடைத்த பனிக்கட்டியால் அடித்தேன். அவன் ஓடவில்லை. துணை ஷெரிப் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். கத்தி திறந்தபடியே அவன் கையில் இருந்தது. மூட வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடைக்குள்ளிருந்து ரயில்வேக்குப் போன் செய்துகொண்டிருந்த நோரீன் அம்மாள், ஒரு ஆள் திறந்த கத்தியோடு என்னை நோக்கி ஓடி வந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவன் மற்றக் கையில் என்ன இருந்தது என்பது கடையிலிருந்து தெரிந்திருக்காது.

துணை ஷெரிப் இதை முதலில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டியபோது, ரயில் வந்ததும் எதிரி தப்பி ஓடியதாகவும், பின் கத்தியுடன் என்னை நெருங்கியதாகவும் மட்டும் இருந்தது. இடையில் நடந்ததைக் காணோம். அதைக் கேட்டதற்கு அவர் என்னிடம், "லோர்னா, கார திருடுனவனுக்கு நீ வக்காலத்து வாங்காத. மிச்சத்த கோர்ட்டு பாத்துக்கும்" என்றார். நான் வக்காலத்து வாங்கவில்லை. என் மகளைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. திருட்டுக்கு அவன் ஜெயிலுக்குப் போகட்டும், நானே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்கிறேன். கத்திக்காக அவன் ஒரு நாள்கூட உள்ளே இருக்கக் கூடாது. அதை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அதன் பிறகு இது முழுவதும் மறுபடி எழுதப்பட்டது.

இப்போது எழுதியிருப்பதை என் கண்ணால் நானே வாசித்தேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை. விட்டுப்போனது எதுவும் இல்லை.

ஒப்பம்,
லோர்னா ஸ்கார்