மூன்று மொழிகளில் ஒரு நீ

செவியையே செல்வமாகச் சேர்த்தவரே! ஓசைக்குள் ஒளிந்த ஓசையையும் உணர்ந்தவரே! சீனத்தின் ஏற்ற இறக்கத்தையும் ஆப்பிரிக்கான்ஸின் தொண்டைக் கரகரப்பையும் தூக்கத்திலும் பிரித்தறியும் தூயவரே! மொழி ஒப்பீட்டு நிலையத்தின் ஒலிப்பதிவு அறைக்கு முப்பத்தோராண்டு உயிராய் இருந்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்பு மேடம் அவர்களே! வணக்கம்.

பிரிவு மடல் என்றால் அடுக்குமொழி இல்லாமல் எப்படி என்று எங்கள் ஸ்டோர்காரர் கேட்டதால் மேலே அடுக்கியிருக்கிறோம். உங்களுக்கு அது ஆகாது. இந்நேரம் "மைக்க ஆஃப் பண்ணுங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்திருப்பீர்கள். ஆகவே இனி நேராகவே பேசுகிறோம்.

நீங்கள் சீனத்தையும் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸையும் அருகருகே வைத்தபோது, ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. நீங்கள் காட்டினீர்கள். நாம் போகிறேன், போகிறாய், போகிறார் என்று வினையின் வாலிலேயே ஆளைக் கட்டிவிடுகிறோம். அவ்விரு மொழிகளிலும் வினைக்கு அந்த வால் இல்லை. யார் போனாலும் வினை ஒன்றுதான்.

வேற்றுமையையும் காட்டினீர்கள். சீனத்தில் வாங்குவதும் விற்பதும் ஒரே ஒலி. குரலின் மேடுபள்ளம் மட்டுமே வேறு. உங்களுக்காகச் சீன வாக்கியங்களைப் படித்துத் தந்த தையற்கார அக்கா, எங்கள் கணக்கர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்ததைக் கேட்டு, இவர் சட்டை வாங்க வந்து என் கடையையே விற்றுவிட்டுப் போகிறாரே என்று சிரித்தது எங்களுக்கு நினைவிருக்கிறது. ஆப்பிரிக்கான்ஸுக்கு அந்த மேடுபள்ளம் பொருட்டில்லை. ஆனால் அது மறுப்பை இரண்டு முறை சொல்லும். இடையில் ஒரு தடவை, வாக்கியம் முடியும்போது இன்னொரு தடவை. பூட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பதுபோல. அந்த மறுப்புச் சொல்லின் ஒலி, "நீ".

சீனத்திலும் "நீ" உண்டு. அங்கே அதற்கு நம் தமிழின் பொருளேதான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஆப்பிரிக்கான்ஸ் வாக்கியங்களைப் படித்தவர் ஒரு கப்பல்காரர். கடைசி வாக்கியம், "நான் போகமாட்டேன்". அவர் மொழியில், "எக் கான் நீ வெக் நீ". "எக் கான் நீ வெக்" வரை படித்தார். அப்போது கதவைத் தட்டி, துறைமுகத்திலிருந்து அழைப்பு என்றார்கள். இதோ வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. அவர் ஏறிப்போன கப்பலும் எந்தத் துறைக்கும் வந்து சேரவில்லை.

அடுத்த வாரம் தையற்கார அக்கா அதே வாக்கியத்தைச் சீனத்தில் படித்தார். "வோ பூ ட்சோ." பதிவைப் போட்டுக் கேட்டபோது, அதன் முடிவில் தாழ்ந்த ஆண்குரலில் ஒரு சிறு "நீ" இருந்தது. ஒயர்மேன் சுவரையே பிரிக்காத குறையாகத் தேடிவிட்டு, "ஒயர்ல ஒண்ணும் இல்ல மேடம். இது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று கருவிப்பையை மூடினார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் போகலன்னு சொல்றேன். அது என்னைத்தான் கூப்பிடுது" என்றார். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றவரை உட்காரவைத்து, திரையில் அந்தக் குரலின் மேடுபள்ளத்தை வரையும் கோட்டைக் காட்டினீர்கள். சீன "நீ" என்றால் கோடு பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். இது தரைபோல் சமமாகக் கிடந்தது. ஆகவே இது ஆப்பிரிக்கான்ஸ். "உங்கள யாரும் கூப்பிடலக்கா. அவர் விட்டுட்டுப் போன வாக்கியத்த முடிச்சுக்கிறார், அவ்வளவுதான்."

அந்தச் சமமான கோட்டை நம்பித்தான் அக்கா மறுபடி வந்தார். அதை நம்பித்தான் நாங்களும் இத்தனை காலம் அந்த அறையைத் தாண்டி நடந்தோம். மறுப்பு வாக்கியம் பதிவாகும்போதெல்லாம் அது வந்தது. ஒவ்வொரு முறையும் நீங்கள் கோட்டைப் பார்த்து, "இல்லைங்குறார்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொள்வீர்கள். அழித்துவிடச் சொன்ன மேலாளர்களிடம், பாதி வாக்கியத்தோடு ஒருவரை வெளியே தள்ள முடியாது என்றீர்கள். உங்கள் பண்புகளைப் பட்டியலிடச் சொன்னால், இந்த ஒன்றையே எழுதுவோம்.

உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் வராவிட்டால் அறையை மூடி, பதிவுகளை அழித்துவிடுவதாக நிர்வாகம் சொன்னது. யாரும் முன்வரவில்லை. ஸ்டோர்காரருக்கு முதுகுவலி வந்தது. கணக்கருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. எங்களில் இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று காலை, ஒப்பீட்டுக்குத் தமிழும் ஒரு வரிசையாக இருக்கட்டும் என்று நீங்களே உள்ளே போய் அந்த வாக்கியங்களைப் படித்தீர்கள். வெளியே ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ள அந்த நேரத்தில் இளையவள் மட்டுமே இருந்தாள். கடைசி வாக்கியத்தை மட்டும் நீங்கள் சற்று மாற்றிப் படித்தீர்கள்.

"நான் இனி வரமாட்டேன்."

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் முடிவில்தான் வரும். அதற்குப் பின் பூட்ட எதுவும் மிச்சமில்லை. இருந்தும் அது வந்தது. தாழ்ந்த குரலில், காதுக்கு வெகு அருகில்.

"நீ."

அவள் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாள், இது "இல்லை"யா, நம் "நீ"யா என்று. நீங்கள் வந்து கோட்டைப் பார்த்தீர்கள். எப்போதும்போல் சமமாகத்தான் இருந்தது. ஆனால் எப்போதும் சொல்வதை இம்முறை நீங்கள் சொல்லவில்லை.

"கோடு சொல்றது சீனத்துக்குத்தாம்மா. தமிழ்ல எப்படிச் சொன்னாலும் நீ நீதான். நீ இத தமிழ்லதான கேட்ட?"

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். நீங்கள் அறைச் சாவியைக் கொடுத்தீர்கள். அறை மூடப்படாது, மேடம். பதிவுகள் அழிக்கப்படா. நாற்காலியின் உயரத்தை மட்டும் அவள் கொஞ்சம் குறைத்துக்கொள்வாள்.

நீங்கள் நல்ல உடல்நலத்தோடும் கூர்மை குறையாத காதோடும் நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் வீட்டில், கேட்க வேண்டியவர்களின் குரல் மட்டுமே கேட்க வேண்டும்.

இறுதியாக அவையினருக்கு ஒரு வேண்டுகோள். மடலின் கடைசி வரி மறுப்பு வரி. அதை வாசித்ததும் யாரும் உடனே கைதட்ட வேண்டாம். மைக்கை அணைக்கவும் வேண்டாம். மேடம் தலையசைக்கும் வரை பொறுத்திருங்கள். அந்த ஒலி வந்தால், அது எந்த மொழி என்று இங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அன்புள்ள மேடம், உங்களை நாங்கள் மறக்கமாட்டோம்.

இங்ஙனம்,
நிலையத்தின் பணியாளர்கள் அனைவரும்