குழாயைத் தட்டும் சத்தம்

— அப்பா இன்னும் குழாயைத் தட்டுறதை விடலையா, பவானிக்கா? போன்ல டங்கு டங்குன்னு கேக்குது.

— உனக்கும் கேக்குதா?

— ரங்கூன் முனிசிபல் சாக்கடைக்குக் காலமெல்லாம் காத்து அடிச்சுக் கழிவைத் தள்ளின கை, சும்மா இருக்குமா? தட்டிப் பாத்தாத்தான் உள்ள காத்து ஓடுதான்னு தெரியும்பாரு. லபேயே டீ குடிச்சாரா?

— டீ வச்சேன். அப்படியே ஆறிப்போச்சு. நீ எப்ப தம்பி தாகேதா வீட்டுக்கு வர்றே?

— பனி உருகட்டும்க்கா. இந்த ஜப்பான் குளிர்ல நான் வேலை பாக்குற சாக்கடைத் தொட்டியில இருக்கிற கிருமியெல்லாம் சுருண்டு கெடக்கு.

— சாக்கடைக் கிருமிக்கு இவ்வளவு சீராட்டா, சுரேந்திரா?

— அதுங்கதானே அமோனியாவைத் தின்னுதுங்க. இல்லேன்னா அது ஆத்துல போயி மீனைக் கொன்னுடும். குளிர்ல அதுங்க லேசுல பெருகாது. இப்ப செத்தா, வெயில் வர்ற வரைக்கும் புதுசு வளராது. அதான் அதுங்க இருக்கிற கசடை வெளியேத்தாம, காத்து விட்டு விட்டுக் காப்பாத்துறேன்.

— தின்னதெல்லாம் எங்க போகும்?

— காத்து இருக்கிறப்ப ஒரு கூட்டம் அதை மாத்தும். காத்தை நிறுத்தினா இன்னொரு கூட்டம் நைட்ரஜனாக்கி விட்டுடும். காத்தோட காத்தாப் போயிடும்.

— ஒரு சுவடும் இருக்காதா?

— மேல கொப்புளம் வரும், அவ்வளவுதான். ஏன்க்கா, அழறியா?

— அழலை. இங்க கரெண்டு போச்சு, வேர்க்குது.

— போன வாரமும் அப்பா தூங்குறாருன்னே. இப்ப முழிச்சுத்தானே இருக்காரு, போனைக் குடு. பனி விட்டதும் வந்துடுவேன்னு நானே சொல்லணும்.

— எங்கயாவது உக்காந்துக்க தம்பி. தை பொறந்த அன்னைக்கே அப்பா போயிட்டாரு. உங்க அத்தான்தான் கொள்ளி வச்சாரு.

— எனக்குச் சொல்லாமயா?

— சத்தியம் வாங்கிட்டாருடா. "அவன் வந்துட்டா அந்தத் தொட்டியை யாரு பாப்பாங்க? உசுருள்ளதை விட்டுட்டுச் செத்தவனைப் பாக்க வரவேண்டாம்"னாரு. அதான் இத்தனை நாளும் தூங்குறாருன்னு சொன்னேன்.

— பொய் சொல்லாதே. இப்பவும் கேக்குதே. மூணு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. அது அப்பா கைதான்.

— எனக்கும் கேக்குதுடா.

— அப்ப அங்க தட்டுறது யாரு?

— இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். உன் பக்கத்துக் குழாய்ச் சத்தத்தைத்தான் நீ அப்பான்னு நெனக்கிறேன்னு இவ்வளவு நேரமும் நெனச்சுக்கிட்டிருந்தேன்.