மிஞ்சிய மனுதாரர்

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைக்கப் பழைய பனியன் துணியை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. முதலில் ஈரத் துணி, அப்புறம் உலர்ந்த துணி. கால்களின் இடுக்கையும் விடக்கூடாது, அழுக்கு அங்கேதான் சேரும். நேற்று என் வீட்டில் நீங்கள் உட்கார்ந்த நாற்காலி அப்படித் துடைத்ததுதான், அதிகாரி அவர்களே. உங்கள் உடுப்பில் தூசி ஒட்டியிருக்காது.

வாயால் சொன்னால் போதும் என்றீர்கள். நான்தான் காகிதம் கேட்டேன். பேச ஆரம்பித்தால் எனக்கு மேடைப் பழக்கம் வந்துவிடும். எதிரே ஒருவர்தான் இருக்கிறார் என்பது மறந்துபோகும்.

நான் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவன். ஒரே ஒரு தவணை. இரண்டு தவணை இருந்தவர்களை மூத்தவர் என்பார்கள். ஒற்றைத் தவணைக்காரனைப் பார்த்து, "நீங்க எந்த வருஷம் இருந்தீங்க?" என்று கேட்பார்கள். தோற்ற வருடமே விழா அழைப்பிதழ்களில் என் பெயர் 'மற்றும் பலர்' என்பதற்குள் போய்விட்டது. மறுவருடம் அழைப்பிதழே வரவில்லை. காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கழுதையின் மரியாதைகூட மிஞ்சவில்லை.

மனுதாரர்களுக்காக முன்னறையில் போட்ட நாற்காலிகள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன. என் மனைவி விற்றுவிடச் சொன்னாள். "ஒரு தடவை ஜெயிச்சதுக்கு ஆயுசு பூரா நாற்காலி துடைப்பீங்களா?" என்றாள். பிறகு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எப்போதாவது போன் செய்து மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள். போட்டாயிற்று என்பேன்.

ஈ, காக்கை எட்டிப் பார்க்காத அந்த வீட்டுக்கு ஒரு புதன்கிழமை தையல்காரர் வந்தார். புதன் அவர் கடைக்கு விடுமுறை. மேட்டுச் சாலைக்குக் கீழே வரிசையாக நிற்கும் ஓட்டு வீடுகளில் ஒன்று அவருடையது. மேலேயிருக்கும் மண் சரியாமல் தாங்குவதற்கு, வீடுகளுக்குப் பின்னால் உயரமான கருங்கல் சுவர் ஒன்று உண்டு. அது நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு வருகிறது, கல் இடுக்கில் தண்ணீர் கசிகிறது என்றார்.

"நான் இப்போ பதவியில இல்லையேண்ணே" என்றேன்.

"அதனால என்ன தலைவரே? எங்க தெருவுக்குக் குழாய் வந்தது உங்க காலத்துலதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

நான் பேசுகிறேன் என்றேன். எத்தனை காலம் கழித்து அந்தச் சொல் என் வாயில் வந்தது தெரியுமா? அவர் போன பிறகு நெடுநேரம் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பேசத்தான் நினைத்தேன். நகராட்சிப் பொறியாளர் என் காலத்தில் வேலைக்கு வந்தவர், நல்ல மனிதர். ஒரு வார்த்தை போதும், மழைக்காலத்துக்கு முன்பே சுவரைப் பிரித்துக் கட்டியிருப்பார். போனைக் கையில் எடுத்தபோதுதான் மற்றொன்று தோன்றியது. சுவர் சரியாகிவிட்டால் தையல்காரர் ஏன் வரப் போகிறார்? என் பதவிக்காலத்தில் பார்த்ததுதான் இது. காரியம் முடிந்தவன் தெருவில் கண்டால் தலையாட்டுவான். முடியாதவன்தான் வாரா வாரம் வந்து, வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரிப்பான். நான் தோற்றதே எல்லோருடைய காரியத்தையும் சட்டென்று முடித்துக் கொடுத்ததால்தான் என்பது என் கணக்கு. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த புதன் வந்தார். அதற்கடுத்த புதனும் வந்தார். நானே தேநீர் போட்டுக் கொடுப்பேன். அவர் எதிரிலேயே போனைக் காதில் வைத்து, "ஆமா, அந்தச் சுவர் விஷயம். கோப்பு எந்த மேசையில இருக்கு?" என்று பேசுவேன். மறுமுனையில் யாரும் இல்லை. அவர் மரியாதைக்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள், "மெலிஞ்சுட்டீங்க தலைவரே, சட்டை தொளதொளன்னு கிடக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்ப் பக்கங்களைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தார். நான் மெலிந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. இப்போது போட்டிருப்பது அந்தச் சட்டைதான்.

இடையில் அவர் மனைவி, புது உறுப்பினரைப் போய்ப் பார்க்கலாமே என்று சொல்லியிருக்கிறார். தையல்காரர் என்னிடம் அதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். தாராளமாகப் போங்கள் என்றேன். "ஆனா ஒண்ணுண்ணே, ரெண்டு பக்கமும் சொன்னா, அவங்க பார்ப்பாங்கன்னு இவங்களும் இவங்க பார்ப்பாங்கன்னு அவங்களும் விட்டுடுவாங்க. கைக்கு எட்டுற நேரத்துல கெடுத்துக்காதீங்க." அவர் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

பொறியாளர் உங்களிடம் சொல்லியிருப்பது உண்மைதான். அவரே ஒருநாள் என்னை அழைத்தார். அந்த வரிசையில் வேறு யாரோ அலுவலகத்தில் சுவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தையல்காரர் என்னிடம் வருவது தெரிந்து, "ஆள் அனுப்பட்டுங்களா சார்?" என்று கேட்டார். "போன வாரம் நேர்லயே போய்ப் பார்த்தேன் தம்பி. வெறும் ஈரக்கசிவுதான். மழை முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்றேன். நான் போகவே இல்லை. சார் என்ற சொல்லை அவர் இன்னும் மறக்காதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று மாலை எல்லா நாற்காலிகளையும் இன்னொரு முறை துடைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் புதனன்று தையல்காரர் நனைந்துகொண்டே வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"சுவர் உள்ளே கல்லு நகர்ற சத்தம் கேக்குது தலைவரே. மச்சான் ஊருக்குப் போயிடலாமான்னு பார்க்கறேன். அங்கேயே கடை போட்டுக்கலாம்னு அவர் கூப்பிடறார்."

மச்சான் ஊர் தொலைவு. அங்கிருந்து புதன்கிழமைதோறும் யாரும் வர மாட்டார்கள்.

"நாளைக்குக் காலையில ஆள் வர்றாங்கண்ணே. இப்பத்தான் பேசினேன். வீடு பூட்டியிருந்தா பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. நீங்க வீட்டுல இருந்தாத்தான் நல்லது."

அவர் முகம் தெளிந்தது. "நீங்க இல்லேன்னா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சுவர் விழுந்தது. மேட்டு மண்ணும் சேர்ந்து சரிந்து வீடுகளை வாசல்வரை மூடிவிட்டது. அவர் மனைவி பால் வாங்கப் போயிருந்தார். அவர் வாசலில் ஸ்டூல் போட்டு, வரப்போகும் ஆட்களுக்காகக் காத்திருந்தாராம். பக்கத்து வீட்டில் தாயும் பிள்ளையும். சுவர் விழும் என்று எனக்குத் தெரியாது என எழுதிவிடலாம். அது பொய். தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது.

அன்று மாலை என் முன்னறை நிறைந்துவிட்டது. நிருபர்கள், கட்சிக்காரர்கள், அந்தத் தெருக்காரர்கள். நிற்க இடமில்லை. தையல்காரர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அது நடிப்பு அல்ல. அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே மனிதர் அவர்.

போன புதன்கிழமை அவர் மனைவி வந்தார். அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார், நான் சொல்லாமலே. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்ததாகவும், அலுவலகத்தில் அலைக்கழிப்பதாகவும் சொன்னார். "அவர் இருந்தவரைக்கும் எதுன்னாலும் உங்களைத்தான் சொல்வார் ஐயா. நீங்கதான் ஒரு வார்த்தை பேசணும்."

நான் பேசுகிறேன் அம்மா, அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்றேன். அந்த மேசையில் இருப்பவர் எனக்குத் தெரிந்தவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே கிடைத்துவிடும். இன்னும் சொல்லவில்லை.

மூன்று பேருடைய சாவுக்கும் நானே காரணம் என்று என் கையால் எழுதிக் கையெழுத்திடுகிறேன். எந்தத் தண்டனையானாலும் சரி. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு, அதிகாரி அவர்களே. நாளை புதன்கிழமை. காலையில் சற்று நேரம் என்னை வீட்டில் விட்டு அழைத்துவர முடியுமா? அந்த அம்மா வரும்போது வீடு பூட்டியிருந்தால், புது உறுப்பினரிடம் போய்விடுவார்.