பக்கத்து அறைக்கு எழுதிய பதில்கள்

காலையில் எழுந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விடுவேன். முதலில் துருநிறத்தில் வரும், பிறகு தெளியும். பல் துலக்குவேன். காபி போடுவேன். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அதையே போட்டுக்கொள்வேன். நான்கு மாடி இறங்கி வேலைக்குப் போவேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நான் வேலை செய்வது லிஃப்ட் கம்பெனியில்.

புகார்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்கள் கோபமாக எழுதுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதியை உடனே ஒப்புக்கொள்வேன். அதன் பிறகு மீதிப் பாதியைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. கல்லூரி விவாத மேடையில் கற்றது இது.

என் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். “இது தெளிவா, இது தெளிவா” என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, மாலையில் படியேறி வந்து கதவில் சாய்ந்து நிற்பாள். “லிஃப்ட் கம்பெனிக்காரரக் கட்டிக்கிட்டு நாலு மாடி ஏறுற ஒரே பொண்டாட்டி நான்தான்” என்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வேலை முடிந்து வந்தபின் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. இணையத்தில் ஒரு விவாதக் குழு. தூக்குத்தண்டனை, கருணைக்கொலை, கருக்கலைப்பு என்று, குடும்பத்தில் பேசினால் சாப்பாடு பாதியில் நின்றுவிடுகிற விஷயங்கள்தான் அங்கே பேச்சு. யாருக்காவது கருத்து மாறினால் ‘மனம் மாறினேன்’ என்று எழுதி, மாற்றியவரின் பெயரைக் கீழே போட வேண்டும். அது அந்தக் குழுவின் வழக்கம். அங்கே நான் வைத்துக்கொண்ட பெயர் ‘நடுவர்’. அதிகம் போடப்பட்ட பெயரும் அதுதான்.

எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தப் பக்கம் நிற்பேன். முந்தைய வருடம், பெண்ணின் உடல், பெண்ணின் உரிமை என்று வாதாடி ஒரு பள்ளி முதல்வரை மனம் மாற வைத்தேன். பிறகு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதனால் கருவும் உயிர்தான் என்ற பக்கத்துக்குப் போனேன். இரண்டும் நல்ல வாதங்கள். நான் அங்கே வெறுமனே படிப்பதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள். நான்காவது மாதத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அழுத்தம் மிக அதிகம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார்.

“வயித்துல பிள்ள வளர வளர இதயத்துக்கு வேலை கூடும்மா. இப்ப கலைச்சுட்டா ஆபத்து குறைவு. தள்ளிப்போட்டா என்னால உறுதி சொல்ல முடியாது.”

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?”

“உன் உடம்பு. உன் முடிவு. எதுவானாலும் நான் கூட இருப்பேன்.”

“அது எனக்கும் தெரியுது. உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தோணுறத வச்சு நீ முடிவு பண்ணக் கூடாது.”

இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “உங்ககிட்ட ஒரு பதில் வாங்கறதுக்குள்ள ரெண்டு பிள்ளை பெத்துடலாம்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்துக் குழுவில் ஒரு புதிய பெண் கேள்வி போட்டிருந்தாள். நான்காவது மாதம், ரத்தக்குழாய் அழுத்தம், டாக்டர் கலைக்கச் சொல்கிறார். ‘வீட்டுக்காரர் நல்ல மனுஷன். உன் முடிவுன்னு சொல்லிட்டார். ஆனா எனக்கு யாராவது ஒரு பதில் சொல்லணும். லிஃப்ட் கம்பெனிக்காரரக் கட்டிக்கிட்டு நாலு மாடி ஏறுறவ, இன்னும் எவ்வளவு நாள் ஏற முடியும்னு தெரியல.’

படித்தபோது அவள் பக்கத்து அறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து ஏழெட்டு அடி நடந்திருக்கலாம்.

நான் உட்கார்ந்து பதில் எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பக்கத்து அறையில் இருந்தவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. திரையில் இருந்தவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்த மாதம் நான் எந்தப் பக்கம் நின்றேனோ அந்தப் பக்கத்துப் பதிலைத்தான் எழுதினேன். முந்தைய வருடமாக இருந்திருந்தால் வேறு எழுதியிருப்பேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லை. அதே நோயோடு பெற்றுப் பிழைத்த பெண்களைப் பற்றி எழுதினேன். எல்லாம் உண்மை. பிழைக்காதவர்களைப் பற்றி எழுதவில்லை. அவள் பயத்தில் பாதியை ஒப்புக்கொண்டேன். எங்கே இளகுவாள் என்று எனக்குத் தெரியும், அங்கே எழுதினேன். கடைசி வரியில் முடிவு உங்களுடையது என்றேன்.

குழுவில் ஒரு நர்ஸ் இருந்தார். அவர் மட்டும் வாதத்துக்காக இல்லாமல் அவளுக்காக எழுதினார். ‘தங்கச்சி, உன் டாக்டர் சொல்றதக் கேளு. இங்க இருக்கற ஆம்பளைங்களுக்கு இது விளையாட்டு.’ கூடவே சாவு விகிதம் ஒன்றைத் தந்திருந்தார். அது பழைய ஆய்வின் எண் என்று எடுத்துக் காட்டினேன். மரியாதையாகத்தான் காட்டினேன். மற்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். நர்ஸ் குழுவை விட்டுப் போய்விட்டார். புதிய ஆய்வின் எண்ணும் எனக்குத் தெரியும். அது கொஞ்சம்தான் குறைவு. அதை யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

“நடுவர்னு ஒருத்தர் எழுதுறாருங்க. உங்கள மாதிரி மழுப்பறதில்ல. நம்ம மனசுக்குள்ள புகுந்து பார்த்த மாதிரி எழுதுறார்.”

“அப்படியா.”

“நீங்களும் அவர்கிட்ட கொஞ்சம் டியூஷன் எடுத்துக்கலாம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பொறாமையும் இருந்தது. யார்மேல் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ‘மனம் மாறினேன்’ என்று எழுதி, கீழே நடுவர் என்று போட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். திரையைத் தாழ்த்தினேன்.

“வச்சுக்கலாங்க. முடிவு பண்ணிட்டேன்.”

“உன் முடிவுதான்” என்று சொல்லி அவளை அணைத்துக்கொண்டேன்.

டாக்டர் திட்டினார். மருந்து மாற்றினார். படியேறக் கூடாது என்றதால் அவள் வேலையை விட்டாள். ஏழாவது மாதத்தில் ஒரு காலையில் உதடு நீலமானது. ஸ்ட்ரெச்சர் எங்கள் படிக்கட்டில் திரும்பவில்லை. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, நீங்கதான கூட இருந்தீங்க. கடைசியா என்ன சொன்னா?”

“குழந்தையக் காப்பாத்துங்கன்னு சொன்னா.”

அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். “அவ அப்படித்தான் மாப்ள. நெனச்சா நெனச்சதுதான். நீங்க என்ன பண்ணுவீங்க. அவள யாரு மாத்த முடியும்?”

‘குழந்தையக் காப்பாத்துங்க’ என்ற வாக்கியத்தைக் குழுவிலும் எழுதினேன், எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கடைசி வார்த்தை என்று. இதுவரை நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். ஆறு பேர் மனம் மாறினேன் என்று போட்டார்கள். ஒருத்தி கர்ப்பிணி. இங்கே நான் எழுதுவதை முதலில் அவளுக்குத்தான் எழுத நினைத்தேன். என்ன பெயரில் எழுதுவது என்று தெரியவில்லை.

சட்டப்படி நான் எதுவும் செய்யவில்லை. வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை. அவளை ஏமாற்றினேன் என்றுகூட ஒரு நல்ல வக்கீலால் நிரூபிக்க முடியாது. என்மேல் குற்றமில்லை என்ற பக்கமும் என்னால் வாதாட முடியும். வாதாடியும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறேன்.

அவளைக் கொன்றது நான்தான்.

குழந்தையைக் காப்பாற்றும்படி அவள் சொல்லவே இல்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது முகத்தில் இருந்த மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினாள். நான் குனிந்தேன். அவள் சொன்னது இதுதான்:

“ஏங்க, பயமா இருக்கு. இப்ப வேணாம்னு சொன்னா கேப்பாங்களா?”