திருப்பத்தில் நின்றவன்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. பகலெல்லாம் சைக்கிள் சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவனுக்கு முதுகு சாய ஒரு பலகை கிடைத்தால் அதுவே சொர்க்கம். மின்விசிறியைக் கூட்ட வேண்டாம். எனக்கு வியர்க்கவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றது தானாகப் புரியும். விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சைக்கிள் கொடுத்து, மலைப்பாதையில் கூட்டமாக அழைத்துப் போய், வேளாவேளைக்குச் சாப்பிட வைத்து, முழுசாகத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். நிறுவனம் என் அக்காவுடையது. முன்னால் வழிகாட்டிப் போகிறவர் அக்காவின் மருமகன். நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். கூட்டத்துக்குக் கடைசியில் போகிறவன் நான். அதனால் எனக்கு ‘வால்’ என்று பெயர் வந்துவிட்டது. விருந்தாளிகள் ‘வால் அண்ணா’ என்பார்கள். நான் கோபித்துக்கொண்டதே இல்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரிகிற இடம் வந்தால், முன்னால் போகிறவர் தனக்கு அடுத்து வருகிற விருந்தாளியை அங்கே இறக்கிவிட்டுப் போவார். அவர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பின்னால் வருகிற எல்லோருக்கும் சரியான பாதையைக் கை காட்ட வேண்டும். மழை வந்தாலும் நகரக்கூடாது. கடைசியாக நான் வந்து ‘போகலாம்’ என்று சொன்னால்தான் அவருக்கு விடுதலை. என் முகம் தெரிந்தால் பின்னால் யாரும் பாக்கியில்லை என்று அர்த்தம். நீதிபதியாக இருந்தவர்கூட என் ஒரு சொல்லுக்காக நடுவழியில் கால் கடுக்க நின்றிருக்கிறார். முதல் நாள் முணுமுணுப்பார்கள். மறுநாளே பழகிவிடும். அதன் பிறகு திருப்பத்தில் ஒரு கை நீண்டிருந்தால், ஏன் என்று கேட்காமல் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். அப்படி ஒரு பழக்கத்தை மனிதர்களுக்குள் உண்டாக்குவது சின்ன விஷயமில்லை.

அந்தக் குழு வந்த இரண்டாம் நாள் காலை, கொட்டகையில் டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அட்டைப்பெட்டியோடு வந்தார்.

“மாமா, நாளையிலேர்ந்து திருப்பத்துல யாரும் நிக்க வேண்டாம். எல்லா ஹேண்டில்பார்லயும் இந்த ஜி.பி.எஸ். திரைய மாட்டிடலாம். அதுவே வழி சொல்லும்.”

“அப்ப பின்னால நான்?”

“நீங்க எதுக்கு மாமா இந்த வயசுல மூச்சு வாங்கிட்டு மிதிக்கணும்? சாமான் ஏத்தி வர்ற வேன்ல ஏசி இருக்கு. ராஜா மாதிரி உக்காந்து வாங்க.”

“வால அறுத்து வேன்ல போடறீங்க.”

“ஐயோ, அறுக்கல மாமா. இடம் மாத்திக் கட்டறோம், அவ்வளவுதான்.”

அவர் பின்னாலேயே வந்த அக்கா சிரித்துவிட்டாள். “மாப்பிள்ளை சொல்றதும் சரிதானேடா தம்பி? நாளைக்கு ஒரு நாள் பாப்போம். நல்லா வந்துச்சுன்னா அப்படியே வெச்சுக்கலாம்” என்றாள்.

நல்லா வந்துச்சுன்னா. அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அக்கா கதவை முழுசாகச் சாத்தவில்லை. நன்றாக வராவிட்டால் என் இடம் எனக்கு. இதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை நல்ல பையன். அனுபவம் போதாது, அவ்வளவுதான். அனுபவம் இல்லாதவருக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்தக் குழுவில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். எல்லோரையும்விட மெதுவாக வருவார். முதல் இரண்டு நாளும் என் கண்ணுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் அவருடைய மஞ்சள் தலைக்கவசம்தான்.

“வால் அண்ணா, நான் உங்களுக்குப் பெரிய தொல்லையா இருக்கேனா?” என்று கேட்டார்.

“நீங்க இல்லன்னா நான் யாருக்குப் பின்னால வர்றது டாக்டர்?”

“அப்படிச் சொல்லுங்க. உங்க வேலைய காப்பாத்தறதே நான்தான்.”

இப்படித்தான் பேசுவார். ஓய்வெடுத்த இடத்தில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கடைவாய்ப் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்றார். நல்ல மனுஷி. சொன்ன சொல் கேட்பார். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு எறும்பு ஊர்வதுபோல இறங்குவார். வழி தவறிப்போக ஒருவர் வேண்டுமென்றால், அடிபடாமல் வழி தவறக்கூடியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. பொறுப்போடு யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் நாள். ஏரிக்கரை விடுதியில் மதியச் சாப்பாடு. அதற்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் விடுதி. இடப்பக்கம் மூடிப்போன கல்குவாரி. வேன் அந்த இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் மிதித்துக்கொண்டு வருகிறேன் என்று டிரைவரிடம் சொல்லி என் சைக்கிளை இறக்கிக்கொண்டேன். வேன் விடுதிக்குப் போனதும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். மாப்பிள்ளை போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லோரும் குனிந்து திரையைப் பார்த்தபடி வலப்பக்கம் திரும்பினார்கள். நான் போட்டிருந்தது பளீரென்ற ஆரஞ்சு மேலுடை. ஒருவர்கூட என்னைக் கவனிக்கவில்லை.

பிறகு மஞ்சள் தலைக்கவசம் வந்தது. நான் சாலைக்கு வந்து நின்று, இடப்பக்கம் கையை நீட்டினேன்.

“அட, வேன்லேர்ந்து தப்பிச்சு வந்துட்டீங்களா?”

“இடப்பக்கம் டாக்டர்.”

“இது வலப்பக்கம்னு சொல்லுதே?”

“அந்தப் பக்கம் பாலத்துல வேலை நடக்குது. அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதானே. நீங்க இருக்கும்போது இது எதுக்கு?” என்று திரையைத் தட்டி அணைத்துவிட்டு, மணியடித்துக்கொண்டே போனார்.

என் கணக்கு எளிமையானது. குவாரி வாசலில் பாதை முடிந்துவிடும். அவர் திகைத்து உட்காருவார். விடுதியில் ஆள் குறைவது தெரியும். திரை வழியைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. மாப்பிள்ளை பதறிப்போய் எனக்குப் போன் செய்வார். அப்போது நான் அவரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போவேன். பாலத்தைப் பற்றித் தவறாகக் கேள்விப்பட்டேன், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று டாக்டரிடம் சொன்னால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கொஞ்ச நேரம் விட்டுப் பின்னால் போனேன். குவாரிக்கு இறங்குகிற வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கும். வேலி அங்கே எப்போதோ விழுந்துவிட்டது. சைக்கிள் விளிம்பில் கிடந்தது. டாக்டர் கீழே ஒரு திட்டில் கிடந்தார். கால் ஒருபக்கமாக மடங்கியிருந்தது. கொஞ்சம் ரத்தம். நினைவு நன்றாக இருந்தது. பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மேலே பாறையில் உண்டு.

நான் பாறையில் உட்கார்ந்தேன். அவர் பார்வைக்கு நான் தெரியமாட்டேன்.

ஏன் உடனே இறங்கவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அப்போது விடுதியில் யாரும் அவரைத் தேட ஆரம்பிக்கவே இல்லை, ஐயா. யாரும் தேடாத ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினால் அதற்கு என்ன மதிப்பு? ‘விழுந்துட்டாங்களா, பாவம்’ என்பார்கள். மறுநாள் நான் வேனில் இருப்பேன்.

அவர் விசில் ஊதினார். எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் உண்டு. விட்டு விட்டு ஊத வேண்டும், நடுவில் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பதற்றமில்லாமல் அப்படியே ஊதினார். எதிர்ச்சரிவில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் சாட்சி சொன்னது உண்மைதான். அவர் கையை உயர்த்தி என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் கையாலேயே சொன்னேன். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மாப்பிள்ளை போன் செய்தார்.

“மாமா, டாக்டரம்மா இன்னும் வரல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க எங்க இருக்கீங்க?”

“பதறாதீங்க மாப்பிள்ளை. நான் தேடறேன்.”

“உங்களத்தான் நம்பியிருக்கேன் மாமா.”

எழுந்து இறங்கியிருக்கலாம். கால் எழவும் செய்தது. ஆனால் அக்கா இன்னும் பேசவில்லையே. முடிவெடுக்கிறவள் அவள்தான். இறங்குகிற பாதை எனக்குத் தெரியும், அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று மறுபடி உட்கார்ந்தேன். வெயில் பாறையை விட்டு நகர்ந்தது. விசில் சத்தம் மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. மூச்சைச் சேர்த்து வைக்கிறார், சொன்னதை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அக்கா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். “தம்பி, நீதான்டா எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொண்டாரணும். உன்ன வேன்ல ஏத்தினது எங்க தப்பு” என்றாள்.

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

டாக்டரை முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான். அப்போது அவர் உடல் குளிர்ந்திருந்தது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, நீங்க மட்டும் பின்னால இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். அன்றைக்கே எல்லாத் திரைகளையும் கழற்றிவிட்டார்கள். அடுத்து வந்த குழுவுக்கு நான்தான் வால். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆள் நின்றார். ஒருவரும் வழி தவறவில்லை. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் வாதாட மாட்டேன். பாதையைக் காட்டியது நான். பாறையில் உட்கார்ந்திருந்தது நான். உதவிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் நான். உயிரோடு வந்தால் என்னைச் சொல்லிவிடுவார் என்று பயந்துதான் விட்டேன் என்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை.

டாக்டர் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விழுந்தது, ஐயா. நன்றாகவே விழுந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை. கூட வந்தவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. குரல் இருந்தவரைக்கும் ‘வால் அண்ணா, வால் அண்ணா’ என்று என்னை மட்டும்தான் கூப்பிட்டார். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாற்றி வைத்திருந்தேன் என்று நீங்களே பாருங்கள்.