பலகையில் இரண்டெழுத்து

எத்தனை விநாடி என்பதில் எனக்கு உறுதி இல்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் பதினொன்று என்று இருக்கிறது. என் நினைவில் நான்குதான். மூன்று வருடத்தில் நினைவு சுருங்குமா, நீளுமா என்று எனக்குத் தெரியாது. துணியைப் போலத் துவைக்கத் துவைக்கச் சுருங்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் சரியாகவே நினைவிருக்கின்றன.

என் தம்பிக்கு நீங்கள் அனுப்பிய படிவம் வந்து சேர்ந்தது. அதில் ஏழாவது வரி, "பலகையில் காட்டப்பட்ட எச்சரிக்கையை மதிக்காமல் வண்டி ஓட்டினேன் என ஒப்புக்கொள்கிறேன்." அதன் கீழே அவன் கையெழுத்துப் போட்டால் இந்த மாதக் கடைசியோடு தடை நீங்கும், மறுபடி பந்தயத்தில் ஓட்டலாம். போடாவிட்டால் இனி எப்போதும் முடியாது. படிவம் ஒன்பது நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. பத்தாவது நாள் அவன் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்ணா. பலகையில எழுதினவன் போடட்டும்."

அதனால் எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மணல் தடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கெட்டியான தரையில் பயம் வந்தால் வேகத்தைக் குறைக்கலாம். மணலில் குறைத்தால் முன்சக்கரம் புதையும், ஆள் வண்டிக்கு முன்னால் போய் விழுவான். பயம் வரும்போதுதான் இன்னும் முறுக்க வேண்டும். ஓட்டுகிறவன் காதில் இயந்திரச் சத்தம் தவிர எதுவும் விழாது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை, அரை விநாடி, தடத்தோரம் பலகை தூக்கி நிற்பவனைப் பார்ப்பான். அவ்வளவுதான் அவனுக்கும் உலகத்துக்கும் தொடர்பு.

எங்கள் பலகையில் இரண்டே சொற்கள். ‘விடு’ என்றால் முழு வேகத்தில் முறுக்கிப் போ. ‘பிடி’ என்றால் முன்னால் ஆபத்து, அடக்கிப் போ. இரண்டும் இரண்டெழுத்து, பறக்கிற வேகத்திலும் படிக்கலாம். அணியின் மேலாளருக்கு எங்கள் மொழி வராது. மூன்றாவது ஓட்டுநருக்கும் வராது. ஆகவே இந்த இரண்டு சொற்களும் என் தம்பி, நான், சுருட்டை ஆகிய மூன்று பேருக்குள் இருந்தன.

சுருட்டை என்பது தலைமுடியால் வந்த பெயர். அப்போது இருபத்திரண்டு வயது. கடைசித் தேர்வு ஓட்டத்தில் என்னைவிட ஒன்றரை விநாடி வேகமாக வந்தான், அணியில் என் இடம் அவனுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு முப்பத்துநான்கு, முழங்காலில் இரண்டு திருகாணிகள். பலகை பிடிக்க ஆள் வேண்டும் என்றபோது நானே கை தூக்கினேன். பெருந்தன்மை என்று மேலாளர் சொன்னார்.

பந்தயத்தன்று காலை, கூடாரத்தில் காலணிக் கொக்கிகளை மாட்டிக்கொண்டே சுருட்டை சொன்னான்.

"அண்ணே, இன்னிக்காவது எழுத்த அழகா போடுங்க. பயிற்சியில ‘பிடி’க்கு மேல கொக்கி போட மறந்துட்டீங்க. ‘படி’ன்னு இருந்துச்சு. நானும் படிச்சுக்கிட்டே போய் விழுந்தேன்."

"அவரு டாக்டருக்குப் படிக்க வேண்டியவருடா, எழுத்து அப்படித்தான் இருக்கும்," என்றான் தம்பி.

"பலகை பிடிக்கறதும் ஒரு ஓட்டம்தாண்ணே. என்ன, நின்ன இடத்துலயே ஓடணும்," என்றான் சுருட்டை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைப் பேச்சுதான். இப்போதும், நான் வேலை செய்யும் கடையில் குழாய்க்குத் திருகு மரை வெட்டும்போது சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

கடைசி ஓட்டத்துக்கு முன் பத்தொன்பது நாடுகளில் நாங்கள் மூன்றாவது. முந்தைய வருடங்களில் பன்னிரண்டாவது இடத்தைக்கூடத் தாண்டியதில்லை. மூன்று ஓட்டுநர்களும் வந்து சேரும் இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த அணி மேலே. மூவரும் விழாமல் முடித்தால் போதும். இன்னும் மூன்று சுற்று இருந்தது. சுருட்டை முன்னால், தம்பி சற்றுப் பின்னால்.

நான் நின்ற இடத்துக்கு அப்பால் இரண்டாள் உயரத்தில் ஒரு மணல் மேடு. ஏறிப் பாய்ந்தால் மறுபக்கம் இறங்கும் இடம் ஓட்டுநருக்குத் தெரியாது. நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றேன், எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. சுருட்டை பாய்ந்தான், இறங்கும்போது முன்சக்கரம் புதைந்தது. வண்டி அவன் தொடைமேல் கிடந்தது. அங்கே மஞ்சள் கொடி காட்ட வேண்டியவர், சரிவில் சிக்கிய வேறொரு வண்டியை இழுக்கப் போயிருந்தார். சுருட்டை என் பக்கம் பார்த்து ஒரு கையைத் தூக்கினான். பிறகு இறக்கினான்.

தம்பி வந்துகொண்டிருந்தான். நான் ‘விடு’ என்று எழுதிப் பலகையைத் தூக்கினேன். அவன் படித்தான். விட்டான்.

மற்றது, தம்பியின் வண்டி மறுபக்கம் யார்மேல் இறங்கியது என்பது, உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நாங்கள் பதினாலாவதாக முடித்தோம். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ‘மண்ணைக் கவ்வியது அணி’ என்று ஒரே தலைப்பு. மணல் பந்தயம் என்பதால் தலைப்பு எழுதியவருக்கு அன்று வேலை சுலபம்.

விசாரணைக்கு முன், உங்கள் அறைக்கு வெளியே நடைக்கூடத்தில், தம்பி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். குடிநீர் இயந்திரம் விட்டுவிட்டு உறுமியது.

"நான் ‘விடு’ன்னு படிச்சேன்ணா."

நான் எழுந்து ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

"உள்ள போய் என்ன சொல்லப்போற?"

"அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு."

அவன் தன் காலணியைப் பார்த்தான். கயிற்று முடிச்சில் இன்னும் மணல் இருந்தது.

"ரெண்டு அர்த்தம்," என்றான். "சரி. அப்போ நான் பலகையைப் பார்க்கவே இல்லன்னு சொல்லிடறேன். நீ ஒண்ணு, நான் ஒண்ணு சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க."

நான் பலகையைத் தூக்கி நிற்கும், பத்திரிகையில் வந்த புகைப்படத்தை நீங்கள் என்னிடம் காட்டி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். விட்டுவிடு, போதும், வேகத்தைக் கைவிடு என்று சொன்னேன். நீங்கள் வரவழைத்திருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா அகராதியைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே நான் எச்சரித்தவன் ஆனேன், என் தம்பி கண்ணிருந்தும் பாராதவன் ஆனான்.

சுருட்டையைப் பார்க்க வியாழக்கிழமைதோறும் போகிறேன். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போவேன். "நீங்க ஒருத்தர்தான் மறக்காம வர்றீங்க. உங்க தம்பி மூஞ்சிய இந்த வாசல்ல பாக்கக் கூடாது," என்று அவன் அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். தம்பி ஒருமுறை போனான். அவர் கதவைச் சாத்தினார். நான் அப்போது உள்ளே, அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவம் முழுவதும் சுருட்டைக்கு நினைவில் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நானும் அவ்வப்போது கேட்டுப் பார்த்துக்கொள்வேன். போன மாதம் சரிவுப் பாதையில் அவன் நாற்காலியை இறக்கும்போது, எனக்கே தெரியாமல், "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேப்பர்ல வந்த அந்தப் போட்டோவ வெச்சிருக்கேண்ணே. எழுத்து ரொம்ப அழகா இருக்கு. கொக்கியெல்லாம் சரியா போட்டிருக்கீங்க."

கொக்கி என்று அவன் கேலி செய்தது பந்தயத்தன்று காலையில். அது மட்டும் எப்படி அவனுக்கு நினைவிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நாற்காலியைச் சரிவில் மெல்ல இறக்கினேன். அடியில் வந்து நின்றதும், "விடுங்கண்ணே," என்றான். என் கைகள் நாற்காலியின் பிடியில் இருந்தன, அதைத்தான் சொல்லியிருப்பான்.

அன்றிரவே தாள் எடுத்து எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தேன். படிவம் வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. புகைப்படம் உங்களிடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். ‘விடு’வுக்கு அடியில் சுண்ணக்கட்டித் தடம் மங்கலாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரு ‘பி’, ஒரு ‘டி’. சுருட்டை விழுந்ததும் நான் முதலில் எழுதியது ‘பிடி’. கை தானாக எழுதியது. பலகையைத் தூக்கப் போனேன். அப்போதுதான் அவன் கையைத் தூக்கினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கை இறங்கும்வரை பார்த்தேன். பிறகு சட்டைக் கையால் பலகையைத் துடைத்தேன்.

அணியின் புள்ளிக்காகச் செய்தேன் என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணலில் தயங்கினால் தம்பியே விழுந்திருப்பான் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் நியாயமான காரணங்கள். பலகையில் ‘விடு’ என்று எழுதும்போது இரண்டும் என் மனதில் இல்லை.

மேலாளர் ராஜினாமா செய்துவிட்டார். மூன்றாவது ஓட்டுநர் ஓட்டுவதை நிறுத்தி, தன் மாமனாரின் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறார். மொழிபெயர்ப்பாளர் அம்மா என்ன ஆனார் என்று தெரியவில்லை. சுருட்டை வீட்டிலிருந்தபடி கடிகாரம் பழுது பார்க்கக் கற்றுக்கொள்கிறான். என் தம்பி லிஃப்ட் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை, வேலைக்குப் பேருந்தில் போகிறான். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் குழாய்க் கடையில் இருக்கிறேன், ஆள் அனுப்பினால் அங்கேயே கிடைப்பேன். ஏழாவது வரிக்குக் கீழே என் தம்பியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அறிக்கையில் மற்ற எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளுங்கள். சுருட்டை விழுந்ததற்கும் நான் பலகையைத் தூக்கியதற்கும் இடையே நீங்கள் எண்ணிய அந்தப் பதினொரு விநாடியையும் நான்கு என்று மாற்றிவிடுங்கள். யோசிக்க எனக்கு நேரமே இருக்கவில்லை.